உலாவிவழி முப்பரிமாணக் காட்சி: செட்டிநாட்டு வீடும் ஆத்தங்குடித் தளமும்

உலாவிவழி முப்பரிமாணக் காட்சி என்பது, ஒரு கட்டடத்தின் அல்லது பொருளின் வடிவமைப்பைத் தனி மென்பொருள் எதையும் நிறுவாமல், குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி போன்ற இணைய உலாவியிலேயே திருப்பியும் நெருங்கியும் உள்ளே நடந்தும் பார்க்க உதவும் முறையாகும். பார்ப்பவர் விரலையோ சுட்டியையோ அசைக்கும் ஒவ்வொரு கணமும் காட்சி புதிதாக வரையப்படுகிறது. முன்கூட்டியே தயாரித்த காணொளியில் படம் எடுத்தவர் காட்டும் வழியில் மட்டுமே போக முடியும். இதில் பார்ப்பவர் தாம் விரும்பிய மூலைக்குப் போகலாம், தூணுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கலாம், தரையின் நிறத்தை மாற்றிப் பார்க்கலாம்.

கார், நாற்காலி, காலணி முதலியவற்றை விற்கும் நிறுவனங்கள் இம்முறையைப் பரவலாகப் பயன்படுத்துகின்றன. பழைய வீடுகளைச் சீரமைப்பதில் இதற்கு இன்னும் அழுத்தமான ஒரு தேவை உண்டு. காரைக்குடியைச் சுற்றியுள்ள செட்டிநாட்டு வீடுகளைக் கொண்டு அதை விளக்கலாம்.

பங்காளிகள் பலர், வீடு ஒன்று

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரந்துள்ள எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்கள் சேர்ந்தது செட்டிநாடு. பர்மா, மலாயா, இலங்கை முதலிய இடங்களில் வட்டித் தொழிலும் வணிகமும் செய்த நகரத்தார், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் இங்கே பெரும் வீடுகளைக் கட்டினர். பர்மா தேக்கு, இத்தாலியச் சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி ஆகியவை கப்பலில் வந்தன. கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி, கோட்டையூர், தேவகோட்டை ஆகிய ஊர்களில் இவ்வகை வீடுகளை இன்றும் காணலாம். இரண்டாம் உலகப் போரும் அதையொட்டிப் பர்மாவில் ஏற்பட்ட இழப்புகளும் இந்தக் கட்டுமானக் காலத்தை முடித்துவைத்தன.

இவ்வீடுகளின் அமைப்பே அவற்றின் இன்றைய சிக்கலுக்கும் காரணம். திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று வீடு ஒரே நேர்கோட்டில் நீள்கிறது. பல வீடுகளில் முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும். வளவின் நடுவில் வானம் பார்த்த முற்றம். அதைச் சுற்றிப் பத்தி. பத்தியை ஒட்டி மணமான மகன் ஒவ்வொருவருக்கும் அறை. அடுப்பு தனித்தனி, வீடு பொது. மூன்று தலைமுறை கடந்ததும் அந்த ஒரு வீட்டில் பல பத்துப் பேருக்குப் பங்கு வந்துவிடுகிறது. அவர்களில் ஒருவர் சென்னையில் இருப்பார், ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் அமெரிக்காவில். படைப்புக்கும் திருமணத்துக்கும் கூடுவார்கள். மற்ற நாளில் வீடு பூட்டிக் கிடக்கும்.

ஓடு சரிந்து மழைநீர் உத்தரத்தில் இறங்கத் தொடங்கியதும் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். பழுது பார்ப்பதா, விடுதியாக்குவதா, விற்பதா, இடிப்பதா? பொறியாளர் தரும் வரைபடத்தைப் படிக்கத் தெரிந்தவர் பங்காளிகளில் ஓரிருவரே இருப்பர். மற்றவர்கள் தங்களுக்குப் புரியாத ஒன்றுக்குப் பணம் தரத் தயங்குவது இயல்பு. தயக்கம் நீளும்போது வீடு துண்டுதுண்டாகப் போகிறது: தூண், நிலைக்கதவு, கண்ணாடி, பெட்டகம் என்று. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் நிற்கும் தூண்கள் ஒரு காலத்தில் ஏதோ ஒரு வளவைத் தாங்கியவை. 2014இல் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் யுனெஸ்கோவின் உலக மரபுரிமை உத்தேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஆனால் பட்டியல் பூட்டு ஆகாது. வீடுகள் தனியார் சொத்து. முடிவு பங்காளிகளுடையது.

இந்த இடத்தில்தான் உலாவி உதவுகிறது. வாட்ஸ்அப்பில் வரும் ஓர் இணைப்பைத் தொட்டால் எல்லார் கைப்பேசியிலும் அதே வளவு விரிகிறது. எழுபது வயதுப் பெரியவரை மென்பொருள் நிறுவச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாங்கட்டில் புதிதாகக் கட்டவிருக்கும் குளியலறை எந்த அறையின் சன்னலை மறைக்கும் என்பதை அவரே திருப்பிப் பார்த்துக் கேள்வி கேட்கலாம். பளபளப்பான விளம்பரப் படத்தைவிட இக்காட்சி அழகில் குறைந்ததாக இருக்கலாம். ஆனால் விளம்பரப் படத்தில் ஒளிக்க முடிந்ததை இதில் ஒளிப்பது கடினம்.

செருகியிலிருந்து வெப்ஜிஎல் வரை

இணையத்தில் முப்பரிமாணம் காட்டும் முயற்சி 1990களிலேயே தொடங்கியது. வி.ஆர்.எம்.எல். என்னும் விவரிப்பு மொழி 1997இல் பன்னாட்டுத் தரமாயிற்று. அதைப் பார்க்க உலாவியில் தனிச் செருகி ஒன்றை நிறுவ வேண்டும். அன்றைய தொலைபேசி இணைப்பின் வேகத்தில் ஓர் அறை வந்து சேரவே நெடுநேரம் ஆகும். பிறகு வந்த ஃபிளாஷ், யூனிட்டி முதலியவையும் செருகிகளையே நம்பின.

2006இல் மொசில்லாவைச் சேர்ந்த விளாடிமிர் வூகிசெவிச், உலாவியின் வரைபலகையில் நேரடியாக முப்பரிமாணம் வரையும் சோதனையைக் காட்டினார். அது வளர்ந்து, குரோனோஸ் குழுமத்தின் பொறுப்பில் 2011 மார்ச்சில் வெப்ஜிஎல் 1.0 என வெளியானது. கணினியிலும் கைப்பேசியிலும் உள்ள வரைகலைச் செயலியை உலாவி தானே பயன்படுத்திக்கொள்ள இது வழிசெய்தது. 2013இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 11, 2014இல் ஐபோனின் சஃபாரி ஆகியவையும் ஏற்றுக்கொண்ட பிறகே, 'எல்லாரிடமும் திறக்கும்' என்று நம்பி ஓர் இணைப்பை அனுப்பும் நிலை வந்தது. 2017இல் வெப்ஜிஎல் 2.0 வந்தது. அடுத்த தலைமுறையான வெப்ஜிபியு, 2023இல் குரோம் உலாவியில் இயல்பாகவே கிடைக்கத் தொடங்கியது.

வெப்ஜிஎல்லில் நேரடியாக நிரல் எழுதுவது சிரமம். ஒரு கனசதுரத்தை வரையவே பல பத்து வரிகள் தேவை. 2010இல் ரிகார்டோ கபேயோ வெளியிட்ட திரீ.ஜேஎஸ், 2013இல் வந்த பாபிலோன்.ஜேஎஸ் ஆகிய நிரல் நூலகங்கள் அந்தச் சுமையைக் குறைத்தன. இரண்டும் இலவசம். மாதிரியைக் கொண்டுசெல்லும் கோப்புக்கு ஜிஎல்டிஎஃப் என்னும் பொதுவடிவம் உள்ளது. அதன் 2.0 பதிப்பு 2017இல் வந்து, 2022இல் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்டது. இலவச மென்பொருளான பிளெண்டரில் வரைந்த வீட்டை நேரடியாக இவ்வடிவில் சேமிக்கலாம்.

நாற்பது தூண், ஒரே தூண்

உலாவியில் தெரியும் எந்த உருவமும் முக்கோணங்களால் ஆனது. மூலைப் புள்ளிகளின் பட்டியல், எந்த மூன்று புள்ளிகள் சேர்ந்து ஒரு முக்கோணம் என்ற பட்டியல், மேற்பரப்புக்கான படங்கள் ஆகிய மூன்றும் கோப்பில் இருக்கும். பார்ப்பவர் நிற்கும் இடத்தைப் பொறுத்து ஒவ்வொரு புள்ளியும் திரையில் எங்கே விழும் என்று வரைகலைச் செயலி கணக்கிட்டு, முக்கோணங்களுக்குள் நிறம் நிரப்புகிறது. அசைவு தடங்கலின்றித் தெரிய இந்த வேலை நொடிக்கு 60 முறை நடக்க வேண்டும். அதாவது ஒரு காட்சிக்குக் கிடைப்பது ஏறக்குறைய 16.7 மில்லிநொடி.

இங்கே செட்டிநாட்டு வீட்டின் ஒழுங்கு கைகொடுக்கிறது. வளவைச் சுற்றி நிற்கும் தூண்கள் ஒரே அச்சில் செய்தவை போன்றவை. ஒரு தூணின் வடிவத்தை ஒரே முறை அனுப்பிவிட்டு, 'இதை இந்த நாற்பது இடங்களில் வரை' என்று கட்டளையிடலாம். நாற்பது தூணுக்கும் கோப்பில் ஆகும் இடம் ஏறத்தாழ ஒரு தூணுக்கு ஆவதுதான். சன்னல், கைமரம், நாட்டு ஓடு ஆகியவற்றுக்கும் இதே வழி. முகப்பு நிலைக்கதவின் மரச்செதுக்கு மட்டும் இதில் அடங்காது. அதன் கசலட்சுமியையும் கொடிகளையும் அப்படியே முக்கோணமாக்கினால் பல லட்சம் ஆகிவிடும். கதவு ஒன்றே மற்ற வீட்டைவிடக் கனத்துவிடும். ஆகவே செதுக்கின் மேடுபள்ளத்தை ஒரு படமாகப் பதிந்து, தட்டையான பலகைமேல் ஒளி அதற்கேற்ப விழுமாறு செய்கின்றனர். நேரே நின்று பார்த்தால் செதுக்குப் போலவே இருக்கும். பக்கவாட்டில் சென்றால் ஏமாற்று வெளிப்பட்டுவிடும்.

படங்களின் எடையை மாணவர்கள் பெரும்பாலும் தவறாகக் கணிக்கின்றனர். கோப்பில் 2 மெகாபைட் மட்டுமே எடுக்கும் ஜேபெக் படம், வரைகலை நினைவகத்தில் விரியும்போது ஒவ்வொரு புள்ளிக்கும் 4 பைட் எடுக்கும். 1024 × 1024 படத்துக்கு 4 மெகாபைட். 4096 × 4096 படத்துக்கு 64 மெகாபைட். தூரத்தில் பார்ப்பதற்கான சிறிய பிரதிகளையும் சேர்த்தால் மூன்றில் ஒரு பங்கு கூடும். இப்படிப் பத்துப் படங்களை வைத்துவிட்டால் மடிக்கணினி தாங்கும், விலை குறைந்த கைப்பேசி உலாவியை மூடிவிடும். காட்சியைச் சோதிக்க வேண்டியது வடிவமைப்பாளரின் கணினியில் அல்ல, பங்காளிகளில் மிகப் பழைய கைப்பேசி வைத்திருப்பவரிடம்.

ஆத்தங்குடிக் கல்

காரைக்குடிக்கு அருகிலுள்ள ஆத்தங்குடியில் கையால் செய்யப்படும் தளக்கல், உலாவியில் காட்டுவதற்கு எளிதாகத் தோன்றி ஏமாற்றும் பொருள். இது சுடப்படுவதில்லை. கண்ணாடித் தகட்டின்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ வடிவ அச்சை இறக்கி, ஒவ்வொரு அறையிலும் நிறம் கலந்த சிமெண்டுக் குழம்பை ஊற்றுகின்றனர். அச்சை மெல்லத் தூக்கியதும் நிறங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும். அதன்மேல் உலர்ந்த சிமெண்டு மணலைத் தூவி, பின் ஈரக் கலவையை நிரப்பிச் சமன் செய்வர். இறுகிய பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து உலர்த்துவர். கண்ணாடியைப் பிரிக்கும்போது கல்லின் முகத்தில் கண்ணாடியின் வழவழப்பே ஒட்டியிருக்கும். நடக்க நடக்க மெருகு கூடும் என்பது இதன் பெயர்பெற்ற குணம்.

ஒரு கல்லைப் புகைப்படம் எடுத்து, அதையே தரை முழுவதும் திரும்பத் திரும்ப ஒட்டுவதுதான் வழக்கமான முறை. தரை முழுவதற்கும் இரண்டே முக்கோணம் போதும். ஆனால் விளைவைப் பார்த்தவுடன் ஆத்தங்குடிக்காரர் யாரும் சிரித்துவிடுவார்: அது பிளாஸ்டிக் விரிப்பு. அச்சைத் தூக்கும் கையின் நடுக்கத்தால் ஒவ்வொரு கல்லிலும் இதழின் ஓரம் சற்று மாறும். ஒரு நாள் கலந்த சிவப்பு மறுநாள் கலந்ததோடு முழுதாக ஒத்துப்போகாது. கண் இதைத் தனியாகக் கவனிப்பதில்லை. அது இல்லாதபோது மட்டும் உடனே கண்டுகொள்கிறது.

இதற்குத் தீர்வு எளிது. 30 அடிக்கு 40 அடி கூடத்தில் 10 அங்குலக் கல் பதித்தால் 36 × 48, அதாவது 1,728 கற்கள். ஒவ்வொன்றையும் தனிக் கல்லாகவே வரையலாம். மொத்தம் 3,456 முக்கோணம், இன்றைய கைப்பேசிக்கு இது பொருட்டே அல்ல. ஒரே வடிவக் கற்கள் பதினாறைப் படம் எடுத்து ஒரே படத்தொகுப்பில் வைத்து, ஒவ்வோர் இடத்துக்கும் அவற்றில் ஒன்றைத் தாறுமாறாகத் தேர்ந்தெடுத்து, நிறத்தை மிகச் சிறிதளவு ஏற்றி இறக்கினால் தரை உயிர் பெறும்.

கல்லைத் தனித்தனியாக வரைவதில் இன்னொரு பயன் உண்டு. செட்டிநாட்டுத் தரை சும்மா நிரப்பியது அல்ல. நடுவில் பூக்கல், சுற்றிலும் கரைக்கல், மூலைக்கென்று தனிக்கல் என்று விரித்த கம்பளம் போன்றது. கூடத்தின் நீளம் 10 அங்குலத்தில் மீதமின்றி வகுபடாவிட்டால் எங்காவது கல்லை வெட்ட வேண்டிவரும். எந்தப் பக்கம் வெட்டுவது என்பதே பதிப்பவரின் திறமை. நல்ல உலாவிக் காட்சி இதை முன்கூட்டியே காட்டிவிடும்: பூக்கல் இத்தனை, கரைக்கல் இத்தனை, மூலைக்கல் நான்கு. கையால் செய்யும் தொழிலில் இந்த எண்ணிக்கை முக்கியம். பத்துக் கல் குறைந்துபோய் மீண்டும் செய்யச் சொன்னால் நிறம் ஒத்துவராது.

பார்ப்பவர் ஒரு கல்லைத் தொட்டு வடிவத்தை மாற்றும் வசதி இவ்வாறு இயங்குகிறது: விரல் பட்ட இடத்திலிருந்து காட்சிக்குள் ஒரு கற்பனைக் கோட்டைச் செலுத்தி, அது முதலில் எதைச் சந்திக்கிறது என்று நிரல் பார்க்கிறது. தரைக்கல் என்றால் அதன் படத்தை மாற்றுகிறது. நொடியில் முடியும் இந்த வேலை, வடிவம் தேர்வதில் குடும்பத்துக்குள் எழும் விவாதத்தை முடிக்கும் என்று சொல்வதற்கில்லை, நீட்டிக்கவும் கூடும்.

நிறத்தில் மட்டும் திரையை நம்பக் கூடாது. ஒரே சிவப்பு இரண்டு கைப்பேசியில் இரண்டு விதமாகத் தெரியும். ஈரக் கல்லும் உலர்ந்த கல்லும் வேறு நிறம். வடிவத்தைத் திரையில் தேர்ந்து, நிறத்துக்கு மாதிரிக் கல் ஒன்றை வரவழைத்துப் பார்ப்பதே சரி.

முற்றத்து வெளிச்சம்

செட்டிநாட்டு வீட்டின் உட்புறத்தில் வெளிச்சம் பெரும்பாலும் முற்றத்தின் வழியே வருகிறது. சூரியனின் நிலையைத் தவறாக வைத்தால் காட்சி முழுவதும் தவறாகிவிடும். பல மென்பொருள்கள், இடம் குறிப்பிடாவிட்டால் தாமாகவே ஏதோ ஒரு வெளிநாட்டு ஊரை எடுத்துக்கொள்கின்றன. அங்கே முற்றத்துக்குள் நண்பகல் வெயில் செங்குத்தாக இறங்குவதே இல்லை. காரைக்குடி ஏறத்தாழ 10 பாகை வட அகலாங்கில் உள்ளது. ஏப்ரல் நடுவிலும், அதாவது சித்திரைப் பிறப்பையொட்டியும், ஆகஸ்ட் இறுதியிலும் நண்பகலில் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும். இந்திய நேரப்படி அது 12.15 அளவில் நிகழும். மார்கழியில் நண்பகல் சூரியன் தெற்கே சாய்ந்து 57 பாகை உயரத்தில் நிற்பதால் முற்றத்தின் வடக்குப் பத்திக்குள் வெயில் நுழையும். சூன் மாதத்தில் சூரியன் வடக்கே சாயும். அப்போது தெற்குப் பத்திக்குச் சிறிது வெயில் கிடைக்கும்.

முற்றத்துக்கு மேல் கண்ணாடிக் கூரை போடலாமா என்ற கேள்வி சீரமைப்பில் அடிக்கடி எழுகிறது. மழைநீர் வராது, பாதுகாப்பும் கூடும் என்பது ஒரு பக்கம். இந்த நான்கு மாதங்களின் நிழலையும் உலாவியில் ஓட்டிக் காட்டினால், வெயில் எங்கே விழும் என்பதாவது எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஆனால் வெப்பத்தைக் காட்சி சொல்லாது. திறந்த முற்றத்தின் வழியே சூடான காற்று வெளியேறுவதைத் திரை காட்டுவதில்லை. கண்ணாடி போட்ட வளவும் திறந்த வளவும் திரையில் ஒரே மாதிரிக் குளுமையாகத் தோன்றும்.

மறைந்து படரும் ஒளியை ஒவ்வொரு நொடியும் கணக்கிடுவது கைப்பேசிக்குப் பெரும் சுமை. ஆகவே கணினியில் முன்கூட்டியே மணிக்கணக்காகக் கணக்கிட்டு, அதைச் சுவரின்மேல் படமாகப் பதித்து அனுப்புவது வழக்கம். இப்படிப் பதித்த ஒளி அழகானது, ஆனால் அசையாதது. கதவைத் திறந்தாலும் உள்ளே வெளிச்சம் வராது.

அளவெடுத்தல்

இதுவரை சொன்னவை எல்லாம் சரியான அளவு கையில் இருந்தால்தான் பொருந்தும். பழைய வீட்டில் எந்த மூலையும் சரியாக 90 பாகை இருப்பதில்லை. நாடா பிடித்து அளப்பது, லேசர் கருவியால் வருடுவது, பல கோணங்களில் எடுத்த நூற்றுக்கணக்கான புகைப்படங்களிலிருந்து வடிவத்தைக் கணிப்பது என மூன்று வழிகள் உள்ளன.

இந்தியாவில் லேசர் வருடலுக்கு நல்ல எடுத்துக்காட்டு குசராத்தின் பாட்டன் நகரிலுள்ள ராணி கி வாவ் படிக்கிணறு. ஸ்காட்லாந்தின் 'ஸ்காட்டிஷ் டென்' திட்டத்தின்கீழ், சைஆர்க் அமைப்பும் சேர்ந்து 2011இல் அதைப் பதிவு செய்தது. இத்தகைய பதிவுகளில் புள்ளிகள் கோடிக்கணக்கில் இருக்கும்; அப்படியே உலாவிக்கு அனுப்ப முடியாது. வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவான பொட்ரீ என்ற திறமூலக் கருவி, இடத்தைச் சிறு சிறு பெட்டிகளாகப் பிரித்து, பார்ப்பவர் கண்ணுக்கு எட்டும் பெட்டிகளை மட்டும், தூரத்தில் உள்ளவற்றைக் குறைந்த புள்ளிகளோடு, வரவழைக்கிறது.

புகைப்பட வழி மலிவு. ஆனால் செட்டிநாட்டு வீடு அதற்கு ஒத்துழைப்பதில்லை. ஒரு புள்ளியைப் பல படங்களில் அடையாளம் கண்டுதான் கணிப்பு நடக்கும். பெல்ஜியம் கண்ணாடியில் தெரியும் பிம்பம் கோணத்துக்குக் கோணம் மாறும்; மென்பொருள் அதைச் சுவருக்குப் பின்னால் இன்னோர் அறை என்று எடுத்துக்கொள்ளும். முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் கலந்து தேய்த்த சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு புள்ளிகூடக் கிடைக்காது. மெருகேற்றிய கருங்கல் தூண் ஓட்டையும் ஒடுக்கமுமாக வரும். ஆகச் சிறந்த கைவேலை உள்ள இடங்களே ஆகமோசமாகப் பதிவாகின்றன. அவற்றை அளந்து கையால் வரைவதைத் தவிர வேறு வழியில்லை. அளந்தது எது, ஊகித்து வரைந்தது எது என்பதைக் காட்சியிலேயே வேறு நிறத்தில் காட்டுவது நல்ல வழக்கம். பெரும்பாலான மாதிரிகள் இதைச் செய்வதில்லை. இடிந்துபோன மேல்மாடியை ஊகத்தில் வரைந்து அதே மெருகோடு காட்டினால், அடுத்த தலைமுறை அதையே உண்மை என்று எடுத்துக்கொள்ளும்.

யார் பார்க்கலாம்

பூட்டிக் கிடக்கும் வீட்டின் உட்புறத்தை எல்லாரும் திறக்கக்கூடிய இணைப்பில் வைப்பதில் ஆபத்து உண்டு. எந்த அறையில் பெட்டகம், எந்தக் கதவில் செதுக்கு, பின்வாசல் எந்தத் தெருவில் என்பதெல்லாம் அதில் இருக்கும். 'பார்க்க மட்டும், பதிவிறக்க முடியாது' என்ற வாக்குறுதியும் இங்கே முழுதாகச் செல்லாது. காட்சியை வரைவது பார்ப்பவரின் கருவியே என்பதால், மாதிரி முழுவதும் அக்கருவிக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும்; போனதை எடுத்துக்கொள்ளத் தெரிந்தவர் எடுத்துக்கொள்வார். வழங்கிக் கணினியிலேயே வரைந்து படமாக மட்டும் அனுப்பும் முறை உண்டு. அதற்கு மாதந்தோறும் கட்டணம் ஆகும்.

எனவே பங்காளிகளுக்கு அனுப்பும் மாதிரியில் பொருள்களை நீக்கி, சுவர், தூண், தரை, கூரை மட்டும் வைத்து, கடவுச்சொல்லுடன் பகிர்வது பொருத்தம். பொதுமக்களுக்குக் காட்ட விரும்பினால் முகப்பும் வளவும் போதும். அதற்கும் பங்குடைய அனைவரின் ஒப்புதல் தேவை. ஒருவர் மட்டும் முடிவு செய்து ஏற்றிவிடும் காட்சி, வீட்டைக் காப்பதற்கு முன் குடும்பத்தைப் பிரித்துவிடும்.

உலாவிக்காக எடை குறைத்த பிரதியையே ஒரே ஆவணமாக வைத்துக்கொள்வதும் தவறு. அளவுகள் குறித்த மூல வரைபடம், சுருக்கப்படாத புகைப்படங்கள், தாளில் அச்சிட்ட தரைப்படம் ஆகியவற்றைத் தனியே பாதுகாக்க வேண்டும். 1990களில் வி.ஆர்.எம்.எல்லில் செய்த மாதிரிகளை இன்றைய உலாவி எதுவும் தானாகத் திறப்பதில்லை. அதே காலத்தில் தாளில் வரைந்த தரைப்படங்களை இன்றும் விரித்துப் பார்க்க முடிகிறது.